தடித்த மரத்துக்குக் குறைந்த பல்

ஒன்றரை அங்குலச் சதுரக் கட்டை ஒன்றின் அடுத்தடுத்த இரண்டு முகங்களில் சதுரங்கக் குதிரையின் படத்தை ஒட்டுகிறார்கள். ஒரு முகத்தில் பக்கவாட்டுத் தோற்றம், மறு முகத்தில் முன்தோற்றம். முதல் படத்தின் கோட்டின்மேல், மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடி அறுக்கும் ஸ்க்ரோல் சா இயந்திரத்தில் அறுத்து முடித்ததும் கழிவுத் துண்டுகளை எறிவதில்லை. இருந்த இடத்திலேயே பொருத்தி டேப் சுற்றுகிறார்கள். கழிவு போய்விட்டால் அதன்மேல் இருக்கும் இரண்டாவது படமும் போய்விடும். கட்டையும் மேசைமேல் ஆடாமல் உட்காராது. பிறகு கட்டையைக் கால் சுற்றுத் திருப்பி இரண்டாவது படத்தையும் அறுத்து, டேப்பைப் பிரித்தால் உள்ளிருந்து முழுக் குதிரை வெளியே வருகிறது. இதற்குக் காம்பவுண்ட் கட்டிங் என்று பெயர். உளியைத் தொடாமலே முப்பரிமாண உருவம் கிடைத்துவிடுகிறது.

செய்துகாட்டும்போது எளிதாகத்தான் தெரியும். தானே உட்கார்ந்து அறுக்கும்போதுதான் மரம் கருகும், பிளேடு அறுந்துபோகும், எல்லாம் முடிந்த பிறகும் குதிரை கட்டையை விட்டு வரமாட்டேன் என்று அடம் பிடிக்கும். பழி இயந்திரத்தின்மேல் விழுகிறது. பெரும்பாலும் தவறு பிளேடைத் தேர்ந்தெடுத்ததில்தான் இருக்கும். வேலை வழவழப்பாக வர வேண்டும் என்று பல் நெருக்கமான மெல்லிய பிளேடை மாட்டத் தோன்றுவது இயல்பு. 3 மி.மீ. பிளைவுட்டுக்கு அது சரியான யோசனை. ஒன்றரை அங்குல, அதாவது 38 மி.மீ. கட்டைக்கு அதுவே வினை.

காரணம் பிளேடின் ஓட்டத்தில் இருக்கிறது. பேண்ட் சாவில் வளையமான பிளேடு ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். மரத்துக்குள் நுழைந்த ஒவ்வொரு பல்லும் அடிப்பக்கம் வெளியேறியே தீரும். ஸ்க்ரோல் சா பிளேடோ மேலும் கீழும் மட்டுமே ஆடுகிறது. பெரும்பாலான இயந்திரங்களில் அந்த வீச்சு சுமார் 19 மி.மீ. 18 மி.மீ. பலகையை அறுக்கும்போது எந்தப் பல்லை எடுத்துக்கொண்டாலும், ஒரு வீச்சுக்குள் மேலேயோ கீழேயோ ஒரு முறை வெளியே வந்துவிடும். 38 மி.மீ. கட்டையில் கணக்கு மாறுகிறது. பிளேடு உச்சியில் நிற்கும்போது மரத்தின் மேல் பாதிக்குள் இருக்கும் பற்கள், 19 மி.மீ. கீழே இறங்கியும் அடிப்பக்கத்தை எட்டுவதில்லை. அதாவது பிளேடில் ஏறக்குறைய 19 மி.மீ. நீளம் வெளிக்காற்றையே பார்ப்பதில்லை. அங்குலத்துக்கு 10 பல் என்றால், 7 அல்லது 8 பற்கள் முழு நேரமும் மரத்துக்குள்ளேயே கிடக்கின்றன.

அந்தப் பற்கள் சுரண்டிய தூள் எங்கே போகும்? கிணறு வெட்டும் இடத்தில் மண் கூடையைக் கைக்குக் கை மாற்றி மேலே அனுப்புவதைப்போல, இங்கே தூள் பல்லுக்குப் பல் மாறிக் கீழே நகர வேண்டும். அதைத் தாங்கும் கூடை இரண்டு பற்களுக்கு நடுவே இருக்கும் குழி. திடமாக இருந்த மரம் தூளானதும் முன்பைவிட அதிக இடம் கேட்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழி சிறியதானால் சட்டென்று நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு பல்லின் கூர் மரத்தைத் தொடுவதே இல்லை. அடைந்த தூள்தான் மரத்தில் உரசுகிறது. உரசினால் சூடு, சூட்டினால் கருகல். அறுபடவில்லையே என்று கட்டையை இன்னும் அழுத்தித் தள்ளுகிறோம். மற்ற கோளாறுகள் எல்லாம் அந்த அழுத்தத்திலிருந்து கிளம்புகின்றன.

அதனால்தான் தடித்த கட்டைக்கு ஸ்கிப் டூத் வகையைப் பரிந்துரைக்கிறார்கள். வரிசையில் ஒன்றுவிட்டு ஒரு பல்லை எடுத்துவிட்டதுபோல இடைவெளி அகலமாக இருக்கும் பிளேடு இது. பல்லைக் குறைத்துக் குழியைப் பெரிதாக்குவதுதான் தந்திரம்.

அடுத்தது எண். பிளேடு பாக்கெட்டில் 2/0 (இது 1-ஐவிட மெல்லியது), 1, 3, 5, 7, 9 என்று போட்டிருப்பார்கள். முழு எண் ஏற ஏறப் பிளேடு அகலமும் தடிப்பும் கூடும். நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது மாறினாலும், 5-ஆம் எண் ஏறக்குறைய 0.97 மி.மீ. அகலம், 0.41 மி.மீ. தடிப்பு, 9-ஆம் எண் 1.35 மி.மீ. அகலம், 0.46 மி.மீ. தடிப்பு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் முன்னிருந்து தள்ளும்போது பிளேடு வளையாமல் நிற்கும் திறன் அகலத்தின் முப்படியைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் 9-ஆம் எண்ணின் விறைப்பு 5-ஆம் எண்ணைப்போல ஏறக்குறைய 3 மடங்கு வருகிறது. போதாததற்கு, தடித்த பிளேடை இன்னும் இறுக்கமாக இழுத்துக் கட்டவும் முடியும்.

வளைந்தால் என்ன? நேர்கோட்டில் பெரிய கேடில்லை. பிளேடின் நடுப்பகுதி கொஞ்சம் பின்தங்கி வரும், அவ்வளவுதான். திருப்பத்தில்தான் வேதனை. குதிரையின் கழுத்து வளைவில் மேல்முனையும் கீழ்முனையும் கோட்டோடு திரும்பிவிட, நடுப்பகுதி குறுக்கு வழியில் போய்விடுகிறது. அறுத்த பரப்பு பீப்பாயைப்போல நடுவில் உப்பியோ குழிந்தோ அமையும். அப்படி அமைந்த துண்டை மேலே தள்ளினாலும் வராது, கீழே தள்ளினாலும் வராது.

அப்படியானால் எப்போதும் 9-ஆம் எண்ணையே மாட்டிவிடலாமே என்றால், அகலமான பிளேடு குறுகிய திருப்பத்தில் திரும்பாது. காதின் நுனியும் வாயின் பிளவும் மொட்டையாகிவிடும். ஆகவே மென்மையான மரத்தில், நுணுக்கம் அதிகமான படத்துக்கு 5. மரம் கெட்டியாகவோ வளைவு பெரிதாகவோ இருந்தால் 7 அல்லது 9 என்பது நியாயமான தொடக்கம். 3-க்குக் கீழே இறங்குவதை நான் வீண் பிடிவாதம் என்றே சொல்வேன்.

பற்களைச் செதுக்கிய விதமும் முக்கியம். மலிவான பிளேடுகளில் பல் வெட்டும்போது ஒரு பக்கத்தில் பிசிறு நின்றுவிடும். அந்தப் பக்கம் கூடுதலாக அறுப்பதால் கோடு ஒரு புறமாக இழுத்துக்கொண்டு போகும். சாணை பிடித்துத் தீட்டிய பற்கள் கொண்ட பிளேடில் இந்தத் தொல்லை குறைவு. விலை கூடுதல்தான், ஆனால் தடித்த மரத்தில் அந்தப் பணம் வீணாகாது. கூரான பல்லுக்குத் தள்ளும் விசை குறைவாகவே வேண்டும். விசை குறைந்தால் வளைவும் குறையும். தேக்கு மரத்தில் சிலிக்கா இருப்பதால் கூர் சீக்கிரம் மழுங்கும். பாதி வேலையில் பிளேடை மாற்றத் தயங்கக் கூடாது.

அடிப்பகுதியில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும் ரிவர்ஸ் டூத் பிளேடுகள் கட்டையின் அடியில் சிம்பு கிளம்பாமல் காக்கும். ஆனால் கீழே இறங்கிய தூளை அவை மீண்டும் உள்ளே தள்ளவும் செய்யும். பிளைவுட்டுக்கு அருமை, தடித்த கட்டைக்கு அவசியமில்லை. எல்லாத் திசையிலும் அறுக்கும் முறுக்குக் கம்பிப் பிளேடு இந்த வேலைக்கே ஆகாது.

பிளேடு சரியாக இருந்தும் துண்டு வெளியே வரவில்லையென்றால் மேசையைத்தான் சந்தேகப்பட வேண்டும். மேசை 1 பாகை சாய்ந்திருந்தாலே 38 மி.மீ. உயரத்தில் 0.66 மி.மீ. விலகல் வந்துவிடும்; அது பிளேடின் தடிப்பைவிட அதிகம். மூலைமட்டம் வைத்துப் பார்க்கலாம். அதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. கழிவுக் கட்டையின் ஓரத்தில் சிறிது அறுத்து இயந்திரத்தை நிறுத்துங்கள். கட்டையை அரைச் சுற்றுத் திருப்பி, அறுத்த தடத்தைப் பிளேடின் பின்பக்கத்திலிருந்து நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் நுழைந்தால் மேசை செங்குத்து. நுழையாவிட்டால், தடத்துக்கும் பிளேடுக்கும் நடுவே தெரியும் சாய்வு உண்மையான சாய்வைப்போல இரண்டு மடங்கு. மேசையை அதில் பாதியளவு திருத்தினால் போதும்.