எல்லா மாத்திரையும் ஹார்மோன் மாத்திரை இல்லை

முக்கூடலோ மேலப்பாளையமோ, கருத்தடை மாத்திரை என்று பேச்செடுத்தால் "அது ஹார்மோன் மாத்திரைல்லா, உடம்பு ஊதிரும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'சாயா' மாத்திரையில் ஹார்மோனே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது.

முதலில் ஹார்மோன் மாத்திரை. 'மாலா-என்' அட்டையில் 28 மாத்திரைகள். 21-இல் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்கள். மீதி 7 வெறும் இரும்புச்சத்து. ரத்தத்தில் இந்த ஹார்மோன்கள் இருக்கும்வரை, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையைத் தூண்டும் சுரப்புகளைக் குறைத்துக்கொள்ளும். முட்டை வெளிவராது. கருப்பை வாயில் உள்ள சளியும் கெட்டிப்பட்டு விந்தணுவை மறிக்கும். ஈஸ்ட்ரோஜன் தாய்ப்பாலைக் குறைக்கலாம். அதனால் பால் கொடுக்கும் தாய்க்கு முதல் 6 மாதம் இது வேண்டாம் என்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசியில் புரோஜெஸ்டின் மட்டும்தான், ஈஸ்ட்ரோஜன் இல்லை. ஆனால் ஊசியை நிறுத்தினாலும் கரு தங்கச் சில மாதங்கள் கூடுதலாகப் பிடிக்கும். சீக்கிரமே அடுத்த குழந்தை வேண்டும் என்பவர்கள் இதை யோசித்துப் போட்டுக்கொள்வது நல்லது.

சாயாவின் வழியே வேறு. இதிலுள்ள மருந்து சென்ட்குரோமான். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் கண்டுபிடிப்பு. இது முட்டை வெளிவருவதைத் தடுப்பதில்லை. கருப்பையின் உள்சுவரில் ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்ட வேண்டிய இடங்களை முந்திக்கொண்டு பிடித்துவிடும். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் எப்போதும்போலச் சுரக்கும். உள்சுவருக்குத்தான் அதன் சேதி எட்டாது. நாற்று வந்து இறங்கியும் வயலில் தொழி அடிக்காமல் கிடந்தால் எப்படி நடுவது? அந்த நிலைதான். கரு பதிய இடமில்லை.

இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால்தான் தினமும் விழுங்க வேண்டியதில்லை: முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். ஆரம்பத்தில் சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும். வீட்டில் கலவரமே அதில்தான். சினைப்பையில் நீர்க்கட்டி, கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆகாது.

ஹார்மோன் இல்லாத இன்னொன்று, கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி. செம்பிலிருந்து கசியும் அயனிகள் விந்தணுவை முடக்கிவிடும். 380ஏ வகை 10 ஆண்டு தாங்கும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். நெஞ்சுக்கு ஏறிவிடும் என்பதெல்லாம் கட்டுக்கதை. முதல் சில மாதம் உதிரப்போக்கும் வலியும் கூடலாம், அது உண்மை.

பால்வினை நோயை இவை எதுவும் தடுக்காது; அதற்கு ஆணுறைதான்.

சாயாவை மறந்துவிட்டால்? ஞாபகம் வந்ததும் ஒன்றைப் போட்டுவிட்டு, அடுத்த மாதவிலக்கு வரை ஆணுறையும் பயன்படுத்த வேண்டும். ஏழு நாளுக்கு மேல் தவறியிருந்தால் பழைய கணக்கு செல்லாது. புதிதாகத் தொடங்குபவரைப் போல வாரத்துக்கு இரண்டு என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.