விரலை நிமிர்த்த எலும்பைக் குறைக்கிறார்கள்

வெறுங்காலோடு நடந்தால் கூழாங்கல் மேல் மிதிப்பது போல இருக்கிறது என்பார்கள் சிலர். அவர்கள் பாதத்தில் உறுத்துவது அவர்களுடைய சொந்த எலும்புதான்.

மல்ட்டிசென்ட்ரிக் ரெட்டிகுலோஹிஸ்டியோசைட்டோசிஸ் என்று ஓர் அழற்சி நோய் உண்டு. மிக அரிது. ஹிஸ்டியோசைட் என்னும் நோய் எதிர்ப்புச் செல்கள் தோலிலும் மூட்டுச் சவ்விலும் கூட்டமாகக் குவியும். நகத்தின் ஓரத்தில் பாசிமணி கோத்தது போலச் சிறு முடிச்சுகள் வரும். வெளியே தெரிவது அவ்வளவுதான். உள்ளே மூட்டு அரித்துக்கொண்டே போகும். இந்த நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குப் புற்றுநோயும் சேர்ந்திருப்பதால், அதையும் தேடிப் பார்ப்பது அவசியம்.

முடக்குவாதத்தைப் போலவே இதிலும் கால்விரல்கள் கோணிப்போகும். விரலின் அடி மூட்டைக் கீழிருந்து தாங்கும் தடித்த தசைநார் தளர்ந்ததும், ஒவ்வோர் அடிக்கும் விரல் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, கடைசியில் மூட்டை விட்டே நழுவிவிடும். பாதத்துக்கு மெத்தையாக இருந்த கொழுப்பும் அதோடு முன்னால் இழுபட்டுப் போகும். அப்புறம் பாத எலும்பின் தலைக்கும் தரைக்கும் நடுவே வெறும் தோல்தான். அங்கேதான் காய்ப்பு, வலி, புண்.

விரலை இழுத்து நேராக வைத்தால் போதாதா? போதாது. பல ஆண்டுகள் மடங்கியே கிடந்ததில் தசைநார், தோல், ரத்தக்குழாய் எல்லாமே சுருங்கியிருக்கும். அதனால் அறுவை சிகிச்சையில் பாத எலும்பின் நீளத்தைக் குறைத்து இடம் உண்டாக்குகிறார்கள். மூட்டு ஓரளவு நன்றாக இருந்தால் எலும்பை வெட்டிப் பின்னால் நகர்த்தித் திருகாணி போடுவார்கள்; முற்றிலும் அரித்திருந்தால் எலும்பின் தலையையே எடுத்துவிடுவார்கள். பெருவிரலின் அடி மூட்டைப் பெரும்பாலும் அசையாமல் இணைத்துவிடுவது வழக்கம். அந்த மூட்டு இனி மடங்காது என்பதை முன்கூட்டியே நோயாளியிடம் விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் உடல் எடையைத் தாங்க உறுதியான ஒரு தூண் கிடைக்கும். நோயை மருந்தால் அடக்கிய பிறகு அறுவை சிகிச்சை செய்வதுதான் நல்லது.

சின்ன விரல்களுக்குள் மெல்லிய கம்பியைச் செருகி நேராக நிறுத்துவார்கள். அடுத்து, ரத்த ஓட்டத்தை நிறுத்தக் காலில் கட்டியிருந்த இறுக்குப் பட்டையைத் தளர்த்திவிட்டு எல்லோரும் விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில நிமிடங்களில் அது இளஞ்சிவப்பாக மாற வேண்டும். வெளுத்தே இருந்தால் ரத்தக்குழாய் இழுபடுகிறது என்று பொருள். உடனே கம்பியைச் சற்று வளைப்பார்கள், இல்லையென்றால் உருவிவிடுவார்கள். விரல் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் சரி, உயிரோடு இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாகப் போனால் 4 முதல் 6 வாரம் கழித்துக் கம்பியை எடுத்துவிடலாம். அதற்குப் பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டியதில்லை.