ஓடியாடும் குழந்தை நடக்க மட்டும் அடம்பிடிப்பது ஏன்?

ஆறு வயது மகனைப் பற்றி வாசகி ஒருவர் எழுதியிருந்தார். மாலை முழுவதும் சளைக்காமல் ஓடி விளையாடும் பிள்ளை, குடும்பத்தோடு நடைப்பயிற்சிக்குப் புறப்பட்டால் மட்டும் பத்தே நிமிடத்தில் “கால் வலிக்குது, தூக்கிக்கோ” என்று உட்கார்ந்துவிடுகிறானாம். இது சோம்பலா, நடிப்பா என்று கேட்டிருந்தார். பெரும்பாலும் இரண்டும் இல்லை. அவன் உடல் இயற்பியலுக்குக் கட்டுப்பட்டு நடந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

நடக்கும்போது தரையில் ஊன்றிய கால் விறைத்து நிற்க, இடுப்பு அதன்மீது வில் போன்ற பாதையில் ஏறி இறங்குகிறது. தலைகீழாக நிறுத்திய ஊசலின் இயக்கம் இது. ஏறும்போது இயக்க ஆற்றல் நிலை ஆற்றலாக மாறி, இறங்கும்போது அதன் பெரும்பகுதி மீண்டும் வேகமாகக் கிடைப்பதால்தான் நடை இவ்வளவு சிக்கனமாக இருக்கிறது. ஆனால் வட்டப்பாதையில் செல்லும் எந்தப் பொருளையும் மையத்தை நோக்கி இழுத்துப் பிடிக்க ஒரு விசை வேண்டும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். நடையில் அந்த வேலையைச் செய்வது புவியீர்ப்பு. தேவைப்படும் விசையோ வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும், கால் நீளத்துக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. ஆகவே ஓர் எல்லைக்கு மேல் வேகம் கூடினால், உயர்ந்து வளைந்த பாலத்தை விரைந்து கடக்கும் வண்டியில் உடல் இருக்கையைவிட்டு எழும்புவதைப் போல, பாதமும் தரையைவிட்டு எழும்ப வேண்டியதுதான். அதன்பிறகு அதற்குப் பெயர் நடை அல்ல, ஓட்டம்.

இந்த எல்லையைக் குறிக்கும் அளவுக்கு ஃபுரூடு எண் என்று பெயர். வேகத்தின் வர்க்கத்தை, கால் நீளத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் அது கிடைக்கும். வில்லியம் ஃபுரூடு 19-ஆம் நூற்றாண்டில் சிறு மாதிரிகளைத் தண்ணீரில் இழுத்துப் பெரிய கப்பல்களின் இயக்கத்தைக் கணித்த ஆங்கிலேயப் பொறியாளர். அவர் பெயரால் வழங்கும் இந்த எண்ணை விலங்குகளின் நடைக்குப் பொருத்திய விலங்கியலாளர் மெக்நீல் அலெக்சாண்டர், 1976-இல் டைனோசர்களின் காலடித் தடங்களிலிருந்தே அவற்றின் வேகத்தை மதிப்பிட்டார். கப்பல், டைனோசர், கையைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளை என மூன்றுக்கும் ஒரே வாய்பாடு உதவுவதை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

இந்த எண் ஒன்றைத் தாண்டினால், இடுப்பு வில் போல ஏறி இறங்கும் இந்த நடை சாத்தியமே இல்லை. ஆனால் மனிதர்கள் ஏறத்தாழ 0.5-ஐ எட்டும்போதே ஓட்டத்துக்கு மாறிவிடுகிறார்கள். கால் நீளம் 90 செ.மீ. உள்ள பெரியவருக்கு அது மணிக்குச் சுமார் 7.6 கி.மீ.; 55 செ.மீ. உள்ள குழந்தைக்கு 5.9 கி.மீ. மட்டுமே. நாம் ‘கொஞ்சம் வேகமாக நடப்போம்’ என்று மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் போனால், குழந்தை ஓடவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் அந்த எல்லைக்கோட்டிலேயே தவிக்கிறது. நம்முடன் வரும் குழந்தையைக் கவனித்தால் இது புலப்படும்: நாலடி நடந்து பின்தங்கும், எறும்பு வரிசையைக் குனிந்து பார்க்கும், பிறகு ஓடிவந்து நம்மைத் தொட்டுவிடும். அதைக் குறும்பு என்று கண்டிக்கிறோம். எனக்கு அது அந்தக் காலின் அளவுக்கு ஏற்ற பயண முறையாகவே தெரிகிறது.

அப்படி இடைவெளி விட்டு விட்டு ஓடுவதற்கென்றே வாய்த்தவை போன்றவை குழந்தைகளின் தசைகள். திடீர் உழைப்பின்போது பெரியவர்களின் தசை ஆக்சிஜன் இல்லாமல் குளுக்கோஸைச் சிதைக்கும் வழியைப் பெரிதும் நம்புகிறது. குழந்தையின் தசையோ ஆக்சிஜன் வழியில் கூடுதல் பங்கு ஆற்றலைப் பெறுகிறது. உடற்பயிற்சி ஆய்வாளர் செபாஸ்டியன் ராத்தெல் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பருவமடையாத சிறுவர்களையும், பயிற்சியில்லாத ஆண்களையும், தேசிய அளவிலான நெடுந்தூரப் போட்டி வீரர்களையும் சைக்கிள் மிதிக்கவைத்துச் சோதித்தனர். களைப்பைத் தாங்குவதில் சிறுவர்கள் அந்த வீரர்களுக்கு நிகராக இருந்தனர். இதயத் துடிப்பு இயல்புக்குத் திரும்பிய வேகத்தில் அவர்களையும் மிஞ்சினர். 1995-இல் வெளியான இன்னோர் ஆய்வில், 6 முதல் 10 வயதுள்ள குழந்தைகளின் அசைவுகளை நேரில் பார்த்து நொடிக் கணக்கில் பதிந்தனர். அவர்களின் தீவிர ஓட்டம் ஒவ்வொன்றும் பொதுவாக 3 நொடிகளே நீடித்தது. இரண்டுமே சில குழந்தைகளை மட்டும் கொண்டு செய்யப்பட்ட சிறிய ஆய்வுகள். குழந்தைகள் விளையாடுவதைப் பொறுமையாக உட்கார்ந்து அளப்பதற்கு இன்னும் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எனவே அந்த வாசகிக்கு நான் சொல்லக்கூடியது இது. நடை வேகத்தைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். அது போதாது என்று தோன்றும் பெரியவர் முன்னால் போய்த் திரும்பி வரலாம், அல்லது பிள்ளை சைக்கிள் ஓட்ட, கூடவே ஓடலாம். பிள்ளையோடு ஓடிப்பிடித்து விளையாடுவதையும் உடற்பயிற்சிக் கணக்கில் தயங்காமல் சேர்த்துக்கொள்ளலாம். தொடர்ச்சியாகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று பெரியவர்களுக்கு முன்பு விதித்திருந்த நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கைவிட்டுவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்ற இலக்கைத் துண்டு துண்டாகவும் எட்டலாம். 5 முதல் 17 வயது வரையிலானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் வேண்டும். ஆனால் ஒரே காலில் தொடர்ந்து வலியோ, வீக்கமோ, நொண்டலோ இருந்தால் மருத்துவரிடம் காட்டாமல் இருக்கக்கூடாது.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் பிள்ளைக்கு நடைத்துணை அவர்கள்தான். பெற்றோர் இயல்பாக மணிக்கு 5 கி.மீ. நடக்கிறார்கள் என்றால், அதே ஃபுரூடு எண்ணில் குழந்தையின் வேகம் 3.9 கி.மீ.; எழுபதைக் கடந்த பலரின் இயல்பான நடையும் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் இருக்கிறது. முதியவர்களுக்கு வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைப் பயிற்சியும் தேவை என்பதால், வழியில் ஓரிடத்தில் நின்று, சுவரில் ஒரு கையை ஊன்றியபடி, யார் அதிக நேரம் ஒற்றைக் காலில் நிற்பது என்று பேரனுடன் போட்டி வைத்துக்கொள்ளலாம்.