பிரிஃபிக்ஸ்: 'முன்னொட்டு' அன்று, 'நிறுவல் அடி'

லினக்ஸில் மென்பொருளை நாம் விரும்பும் இடத்தில் நிறுவுவது பற்றிய தமிழ்க் குறிப்புகளில், பிரிஃபிக்ஸ் என்னும் சொல்லை 'முன்னொட்டு' என்றே மீண்டும் மீண்டும் எழுதுகிறார்கள். முன்னால் பொருத்துதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்த இச்சொல்லுக்கு, இலக்கணத்தில் அப்பெயர் சரியே. 'அவநம்பிக்கை' என்பதில் உள்ள 'அவ' முன்னொட்டுத்தான்.

ஆனால் மூலநிரலிலிருந்து நிறுவும்போது கான்ஃபிகர் என்னும், நிறுவலுக்கான அமைப்புகளைத் தீர்மானிக்கும் நிரலுக்கு நாம் தரும் பிரிஃபிக்ஸ் ஓர் அடைவு, அதாவது கோப்புறை. எதுவும் தராவிட்டால் குனு மென்பொருள்கள் '/யுஎஸ்ஆர்/லோக்கல்' என்பதை எடுத்துக்கொள்ளும். இயங்கு கோப்புகளும் நிரலகங்களும் கையேடுகளும் அதன் கீழேயே தத்தம் அடைவுகளில் சென்று அமரும். பாதையின் தொடக்கத்தில் ஒட்டப்படுவதால் முன்னொட்டே பொருந்தும் என்பது சிலர் வாதம். அது கணினி பாதையைக் கோக்கும் விதம். பயனர் தேர்வதோ ஓர் இடத்தை. மேலும், அதே கான்ஃபிகரில் புரோகிராம்-பிரிஃபிக்ஸ் என்று இன்னொரு தெரிவு உண்டு. அதற்கு 'ஜி' என்று கொடுத்தால் 'டார்' என்னும் நிரல் 'ஜிடார்' என்ற பெயரில் நிறுவப்படும். உண்மையான முன்னொட்டு இதுதான். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், இடத்தை மாற்ற வந்தவர் பெயரை மாற்றிவிட்டுத் திகைப்பார். கட்டளையை ஒருமுறையேனும் இயக்கிப் பாராமல் அகராதியின் முதற்பொருளை எடுத்தெழுதும் பழக்கமே இத்தகைய பெயர்ப்புகளுக்குக் காரணம். கலைச்சொல் தூய தமிழாக இருந்தால் மட்டும் போதாது, அது செயலையும் சரியாகச் சுட்ட வேண்டும்.

'நிறுவல் வேர்' என்னும் மற்றொரு பரிந்துரை இதைவிடக் குழப்பமானது. நிறுவத் தயாராகக் கட்டப்பட்ட மென்பொருள் பொதிகளைக் கையாளும் ஆர்பிஎம் பொதி மேலாளரில், ரூட் (வேர்) என்னும் தெரிவு, நாம் காட்டும் அடைவையே முழுக் கோப்பு முறைமையின் வேராகக் கொள்கிறது. பொதிகளின் தரவுத்தளமும் அதற்குள்தான் இருக்கும். பிரிஃபிக்ஸ் தெரிவோ, இடம் மாற்றத்தக்கதாக உருவாக்கப்பட்ட பொதியின் கோப்புகளை மட்டும் வேறோர் அடைவின் கீழ் வைக்கிறது. ஆகவே வேர் என்னும் சொல்லை ரூட்டுக்கே விட்டுவிட வேண்டும்.

மரத்தின் அடியிலிருந்து கிளைகள் பிரிவதுபோல் பிற அடைவுகள் இதிலிருந்து பிரிவதால், 'நிறுவல் அடி' என்பதே என் தேர்வு. 'நிறுவல் அடியை /ஆப்ட் என மாற்றுக' என்றால் புதியவருக்கும் விளங்கும். இடம் மாற்ற இயலாத பொதியை ஆர்பிஎம் மறுக்கும்போது, 'இப்பொதியின் நிறுவல் அடியை மாற்ற இயலாது' என்று பிழைச் செய்தியையும் தெளிவாக எழுதலாம்.