அடங்காத அழற்சியும் அன்றாட உணவும்

காயம் பட்ட இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிப்பதையே அழற்சி என்கிறோம். கிருமிகளை அழிக்கவும் சிதைந்த திசுவைச் சீராக்கவும் வெள்ளணுக்கள் அங்கே திரள்வதால் அது உண்டாகிறது. வேலை முடிந்ததும் தானாக அடங்கிவிட வேண்டும். வயது ஏற ஏற, காயமோ தொற்றோ இல்லாதபோதும், மிகக் குறைந்த அளவிலான அழற்சி உடல் முழுவதும் ஓயாமல் நீடிப்பதை இத்தாலிய நோயெதிர்ப்பியல் அறிஞர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000ஆம் ஆண்டில் முதுமையின் இயல்புகளுள் ஒன்றாக முன்வைத்தார். மாரடைப்பு, இரண்டாம் வகை நீரிழிவு, தசை மெலிவு ஆகியவற்றோடு இதற்குள்ள தொடர்பைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்த அழற்சி பல இடங்களிலிருந்து எழுகிறது. பிரியும் ஆற்றலை இழந்தும் மடியாமல் தங்கிவிடும் முதிர்ந்த செல்கள், அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுற்றுப்புறத்தில் கசியவிடுகின்றன. வயிற்று உறுப்புகளைச் சூழ்ந்து சேரும் கொழுப்பும் இன்டர்லூக்கின்-6 போன்ற புரதங்களைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் கல்லீரல், அழற்சியின் அளவைக் காட்டும் குறியீடான சி-ரியாக்டிவ் புரதத்தை இரத்தத்தில் கூட்டுகிறது. மூன்றாவது ஊற்று குடல். உணவின் செல்வாக்கு மிக நேரடியாக எட்டுவது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்து பெருங்குடலை அடைந்ததும், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் முதலிய சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்குப் பியூட்டிரேட்டே முதன்மையான எரிபொருள். அது போதிய அளவு கிடைக்கும்போது செல்களுக்கிடையேயான பிணைப்பு இறுக்கமாக இருக்கிறது. நோயெதிர்ப்பு அமைப்பை அளவோடு நிறுத்திவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் பெருகுகின்றன. நார்ச்சத்து குறைந்தால் சில பாக்டீரியாக்கள் குடலைக் காக்கும் சளிப்படலத்தையே உண்ணத் தொடங்குகின்றன. அரண் நலிந்த இடத்தின் வழியே பாக்டீரியாக்களின் புறவுறைத் துணுக்குகள் இரத்தத்தில் கலக்க, உடல் அவற்றைப் படையெடுப்பாகக் கருதி அழற்சியை மூட்டுகிறது. ஆகவே பருப்பு, பயறு, முழுத்தானியம், காய்கறி, பழம் ஆகியவற்றுக்கு நான் முதலிடம் தருகிறேன்.

மீனிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களின் வழி வேறு. செல்களின் சவ்வில் இடம்பெறும் இவற்றிலிருந்து உடல் ரிசால்வின்கள் என்னும் பொருள்களை உருவாக்குகிறது. வெள்ளணுக்களின் வருகையைத் தணித்து, எஞ்சிய சிதைவுகளை அகற்றச் செய்து, அழற்சியை முடித்துவைப்பவை அவை. அதற்காக மீன் எண்ணெய் மாத்திரையே போதும் என்று கொள்ள இயலாது. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான வைட்டல் ஆய்வில், நாளொன்றுக்கு ஒரு கிராம் ஒமேகா-3 மாத்திரை பெரும் இதய நோய் நிகழ்வுகளையோ புற்றுநோயையோ குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. ஒரே பொருளைப் பிரித்தெடுத்து உண்பதைவிட முழு உணவுமுறையை மாற்றுவதே நம்பகமான வழி என்பது என் கருத்து. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 65 முதல் 79 வயது வரையுள்ளோர் காய்கறி, பழம், முழுத்தானியம், மீன், ஆலிவ் எண்ணெய் ஆகியவை மிகுந்த மத்தியதரைக் கடல் பகுதி உணவுமுறையை ஓராண்டு பின்பற்றிய நியூ-ஏஜ் ஆய்வில், அதை நன்கு கடைப்பிடித்தவர்களின் குடல் பாக்டீரியாக்களில் நல்ல மாற்றம் தெரிந்தது. அம்மாற்றத்தோடு சி-ரியாக்டிவ் புரதத்தின் குறைவும் உடல் தளர்ச்சியின் குறைவும் சேர்ந்து காணப்பட்டன.

அழற்சியை முற்றிலும் ஒடுக்குவது நோக்கமாக இருக்கக் கூடாது. மாரடைப்பு வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தடுக்கும் ஊசிமருந்து மறுபடியும் வரும் இதய நோய் நிகழ்வுகளை 15 விழுக்காடு அளவுக்குக் குறைத்தது. ஆயினும் அதைப் பெற்றவர்களிடையே உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. உணவு இவ்வளவு வன்மையாக இயங்குவதில்லை. அதன் விளைவு மெல்லச் சேர்வது. அதனால் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் போன்ற அழற்சி நோய் உள்ளவர்கள் உணவை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்தானது. முதியவர்கள் உடல் எடையைக் குறைப்பதாக எண்ணிப் புரதத்தையும் குறைத்துவிட்டால் தசை கரையும். எனவே கொழுப்பைக் கரைக்கும் முயற்சியோடு போதிய புரதமும் உடற்பயிற்சியும் சேர்ந்தே இருக்க வேண்டும்.