லெவி: சொல்லும் படையும்

லெவி என்றதும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு நெல் லெவிதான் நினைவுக்கு வரும். விளைந்ததில் இவ்வளவு அரசுக்கு என்று அளந்து வாங்கிக்கொண்ட காலம் அது. சிறு பொம்மை வீரர்களை மேசையில் நிறுத்தி ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டில் அதே சொல் ஆட்களைக் குறிக்கும். வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள், பழைய இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன்கள் ஆகியோரின் காலப் படைகளில் கடைசித் தரத்தில் நிற்பவர்கள் லெவி.

இரண்டு பொருளுக்கும் வேர் ஒன்றுதான். லத்தீனில் லெவாரே என்றால் தூக்குதல், எழுப்புதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது வரி வாங்குவதற்கும் படை திரட்டுவதற்கும் அதுவே பெயரானது. தமிழிலும் வரி தண்டுவது உண்டு, தண்டு என்றால் படை என்ற பொருளும் உண்டு.

2011இல் வெளிவந்த சாகா என்ற மினியேச்சர் விளையாட்டைப் பாருங்கள். படை சேர்க்கத் தரப்படும் புள்ளிகளில் ஒரு புள்ளிக்குத் தலைவனின் மெய்க்காவலர் 4 பேர், அல்லது சாதாரண வீரர் 8 பேர், அல்லது லெவி 12 பேர் கிடைப்பார்கள். பன்னிரண்டு பேர் கிடைக்கிறார்களே என்று அள்ளிப் போட்டால் சிக்கல். படையை இயக்கும் ஆணைப் பகடைகளை மற்ற இரண்டு வகையும் ஈட்டித் தரும், லெவி தராது. தலை எண்ணிக்கை கூடக் கூட, ஆணையிடும் சக்தி குறையும். மலிவான ஆட்களை மட்டுமே குவித்து ஜெயித்துவிட முடியாதபடி சமன் செய்யும் ஏற்பாடு இது. எனக்கு மிகவும் பிடித்த விதியும் இதுதான்.

ஆனால் இந்தச் சொல், கலப்பையைப் போட்டுவிட்டு ஓடி வந்த, ஆயுதம் பிடிக்கத் தெரியாத குடியானவனை மனதில் பதித்துவிடுகிறது. அது பெரும்பாலும் தவறு. ஆங்கிலோ-சாக்சன்களின் திரட்டுப் படைக்கு ஃபிர்ட் என்று பெயர். இங்கிலாந்தின் பார்க்‌ஷயர் வழக்கத்தை 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே என்ற நிலக் கணக்குப் பதிவேடு சொல்கிறது: ஐந்து ஹைடு (அக்கால நில அளவு) நிலத்துக்கு ஒரே ஒரு வீரன். ஒவ்வொரு ஹைடும் அவனுக்கு 4 ஷில்லிங் தர வேண்டும், இரண்டு மாதச் செலவுக்கு. ஆக, 20 ஷில்லிங்கோடு ஊரே தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆள் அவன். மேசையில் அவனை லெவி வரிசையில் வைப்பது அநியாயம், வீரர் வரிசையில்தான் வைக்க வேண்டும்.

ஃபிர்ட்டின் உண்மையான பலவீனம் தவணைக் கெடுவும் உணவும். 893இல் ஒரு தீவில் வைக்கிங்குகளைச் சுற்றி வளைத்த படை, தவணையும் உணவும் தீர்ந்ததால் வீடு திரும்பியது. 1066இல் இங்கிலாந்தின் தென்கரையைக் காத்த மன்னன் ஹெரால்டின் படையும் உணவு தீர்ந்து செப்டம்பர் 8 வாக்கில் கலைந்தது. படையெடுத்து வந்த நார்மண்டிக் கோமகன் வில்லியம் அதே மாதம் 28ஆம் தேதி கரை இறங்கினான். ஒரே மாலையில் முடியும் ஆட்டத்தில் இந்தக் கெடுவைக் காட்ட வழியில்லை. பல போர்களாக நீளும் தொடர் ஆட்டமென்றால், இத்தனை சுற்றுக்குப் பிறகு இந்த அணி வீடு திரும்பும் என்று ஒரு விதி சேர்த்துப் பாருங்கள், வியூகமே மாறிவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கட்டாயப்படை என்றால் நிலக் கணக்கு விட்டுப்போகிறது. குடிப்படை பரவாயில்லை. ஆனால் நல்ல சொல் நம்மிடம் எப்போதோ இருக்கிறது. குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை எழுதிய பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று ஆறு வகை சொல்கிறார். நாட்டுப்படைதான் லெவிக்கு என் தேர்வு. நாட்டிலிருந்து திரட்டியது என்பதோடு அந்தச் சொல் நின்றுவிடுகிறது, திறமையைக் குறைத்துப் பேசுவதில்லை. தலைவனின் மெய்க்காவலருக்கு, வழிவழியாக வரும் படை என்ற பொருளில், மூலப்படை பொருந்தும். காசுக்கு வந்த வைக்கிங்குகளுக்குக் கூலிப்படை சரியான பெயர், ஆனால் இன்றைய செய்தித்தாள் அதைக் கொலைக் கும்பலுக்குக் கொடுத்துவிட்டது. அங்கே சம்பளப்படை என்று எழுதலாம்.