டயாலிசிஸ் தொடங்கியபின் சர்க்கரை குறைவது ஏன்?

"டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து சர்க்கரை நார்மலாகவே இருக்கிறது டாக்டர், ஊசியை நிறுத்திவிட்டேன்" என்று நோயாளிகள் மகிழ்ச்சியோடு சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த மகிழ்ச்சியைக் கலைக்க எனக்கும் மனம் வருவதில்லை. ஆனாலும் நோய் குணமாகிவிடவில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது செயலிழந்ததும் இன்சுலின் இரத்தத்தில் நெடுநேரம் தங்குகிறது. பசியும் மந்தமாகிவிடுவதால் சர்க்கரை இறங்குகிறது. இதை அறியாமல் பழைய அளவிலேயே ஊசி போடுபவருக்கும், சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையைத் தொடர்பவருக்கும் நள்ளிரவில் வியர்த்துக் கொட்டி நினைவு தப்பும் அபாயம் உண்டு. ஆகவே மருந்தின் அளவைக் குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவரின் கணக்கில் நடக்க வேண்டியது. சர்க்கரை தாழ்ந்தால் குளுக்கோஸோ சர்க்கரையோ கொடுங்கள். பொட்டாசியம் மிகுந்த ஆரஞ்சுச் சாறு இவர்களுக்கு ஏற்றதன்று.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் இங்கே ஏமாற்றக்கூடும். சுமார் 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணுக்கள் சிறுநீரகச் செயலிழப்பில் சீக்கிரமே அழிந்துவிடுவதால், உண்மையான சர்க்கரை அதிகமாக இருக்கும்போதே அறிக்கையில் எண் குறைவாக வரலாம். விரல் நுனியில் எடுக்கும் தினசரி அளவுகளை எழுதி வைத்திருப்பவருக்கே என்னால் சரியாக மருந்து தர முடிகிறது.

இதற்கிடையே இரத்தக் குழாய்களிலும் நரம்புகளிலும் பல்லாண்டுகளாக நேர்ந்த சேதம் அப்படியேதான் இருக்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளின் உயிரை அதிகம் பறிப்பது இதயநோய். சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. நரம்பு மரத்தவருக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். திடீர் மூச்சுத்திணறலோ காரணமற்ற சோர்வோ மட்டுமே அறிகுறியாக இருக்கும். டயாலிசிஸ் நடக்கும்போதே இரத்த அழுத்தம் சரிவதும் இவர்களிடம் அதிகம்.

பாதத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். ஒருமுறை ஒருவரின் காலுறையைக் கழற்றியபோது, பெருவிரலுக்கு அடியில் சிறு கல் ஒன்று அழுந்திப் புண்ணாகியிருந்தது. அதன்மீதே நடந்து வந்தவருக்கு எதுவும் தெரியவில்லை. இரத்த ஓட்டம் குறைந்த காலில் இத்தகைய புண் விரலையோ காலையோ அகற்றும் நிலைவரை கொண்டுபோகலாம். வாரம் மூன்று முறை வரும் அவர், இப்போது படுக்கையில் சாய்ந்ததும் தாமாகவே காலுறையைக் கழற்றிச் செவிலியரிடம் பாதத்தைக் காட்டிவிடுகிறார்.